கொத்தடிமை என்றால் என்ன? பூட்டாத கதவும் தீராத கணக்கும்

"இந்த ஆபீஸ்ல நாங்க எல்லாம் கொத்தடிமைங்க." மாதக் கடைசியில் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருக்கும் யாராவது இப்படிச் சொல்வதை எல்லோரும் கேட்டிருப்போம். நானும் சொல்லியிருக்கிறேன். அலுப்பில் வருகிற பேச்சு அது. ஆனால் இப்படிப் பேசிப் பேசியே அந்தச் சொல்லின் பொருள் கரைந்துவிட்டது. அதிகமாக வேலை வாங்கினாலே கொத்தடிமை என்று ஆகிவிட்டது.

இன்னொரு பக்கம், செங்கல் சூளையிலிருந்து பத்துக் குடும்பங்களை மீட்டார்கள் என்று செய்தி வரும்போது, "சங்கிலி போட்டா கட்டி வைத்திருந்தார்கள்? பிடிக்கவில்லை என்றால் கிளம்ப வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். "முன்பணம் வாங்கினவன் அதைக் கட்டாமல் ஓடலாமா?" என்றும் கேட்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. இந்த முறை எப்படி ஓடுகிறது என்று யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து சொன்னதில்லை, அவ்வளவுதான். சரி, முதலிலிருந்து பார்ப்போம்.

அடகுக் கடையில் தொடங்குவோம்

அவசரத்துக்கு நகையை அடகு வைக்கிறோம். எத்தனை கிராம், எவ்வளவு பணம், என்ன வட்டி என்று ரசீதில் இருக்கும். பணத்தைக் கட்டினால் நகை வீட்டுக்கு வரும். கட்ட முடியாமல் போனால் நகை போகும். நகை போனாலும் நாம் மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போவோம். எந்த வேலைக்கு, எந்த ஊருக்கு என்று கடைக்காரர் கேட்கப் போவதில்லை.

வங்கிக் கடனும் அப்படித்தான். சென்னையில் வாங்கிய கடனைக் கோயம்புத்தூருக்கு வேலை மாறிப் போய்க் கட்டலாம். வேறு கம்பெனியில் சேர்ந்து கட்டலாம். வங்கிக்கு வேண்டியது பணம்.

இப்போது நகை இருந்த இடத்தில் ஆளை வைத்துப் பாருங்கள். பணம் கொடுத்தவர், "கடன் தீரும் வரை என்னிடம்தான் வேலை செய்ய வேண்டும், வேறெங்கும் போகக் கூடாது, கூலி எவ்வளவு என்று நான் சொல்வேன், கணக்கும் நான்தான் எழுதுவேன்" என்கிறார். அடகு வைத்த நகை பெட்டியில் சும்மா கிடக்கும். அடகு வைத்த ஆள் விடிய விடிய உழைக்கிறார். அந்த உழைப்பைக் கடனில் எவ்வளவு கழிப்பது என்று முடிவு செய்யும் பேனா மட்டும் அவர் கையில் இல்லை.

கடனுக்கு ஈடாக மனிதனின் உழைப்பும் நடமாட்டமும் பிடித்து வைக்கப்படும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் கொத்தடிமை முறை என்று பெயர். வேலைக்கு வரும் முன்பே கையில் கொடுக்கப்படும் அந்தத் தொகையை முன்பணம் என்கிறோம். பேச்சில் 'அட்வான்ஸ்'.

நோட்டில் ஏறும் கணக்கு

செங்கல் சூளையை எடுத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் கூலி வேலை இருக்காது. வீட்டில் ஒரு பிரசவம், ஒரு சாவு, ஒழுகும் கூரை என்று ஏதாவது ஒரு செலவு வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி ஊருக்குள் வருவார். மேஸ்திரி என்பவர் சூளைக்காரருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர், பல நேரம் தெரிந்த முகமாகவே இருப்பார். "நாற்பதாயிரம் வாங்கிக்கோ, புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் வாங்க. ஒரு சீசன்ல கழிஞ்சிடும்" என்பார்.

சூளையில் வேலை வெயிலுக்கு முன்னால் முடிய வேண்டும் என்பதால் நள்ளிரவு தாண்டியதுமே எழுந்துவிடுவார்கள். முந்தின சாயங்காலம் நனைத்து வைத்த மண்ணை ஒருவர் மிதித்துக் குழைப்பார். இன்னொருவர் குத்துக்காலிட்டு, அச்சில் மணல் தூவி, மண்ணை அடைத்து, வழித்து, கவிழ்ப்பார். எழுந்திருக்காமலே பின்னால் நகர்ந்து நகர்ந்து அடுத்த கல். இதைத்தான் கல் அறுப்பது என்கிறார்கள். பாதி காய்ந்த கல்லைத் திருப்பி வைக்கிற வேலை குழந்தைகள் கைக்கு வந்துவிடும். நோட்டில் அவர்கள் பெயர் இருக்காது. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. எத்தனை கல் என்று மேற்பார்வைக்காரர் எண்ணிச் சொல்வார். மழையில் கரைந்த கல்லுக்குக் காசு கிடையாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் எல்லாம் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. முன்பணம் 40,000 ரூபாய். ஆயிரம் கல்லுக்கு 700 ரூபாய் என்று ஊரில் வைத்துப் பேசினார்கள். சூளையில் நோட்டில் ஏறுவது 500 ரூபாய். வாரத்துக்கு 5,000 கல் என்றால் 2,500 ரூபாய். அதில் வாரச் செலவுக்கு என்று கையில் கொடுப்பது 1,500. மீதி 1,000 ரூபாய் கடனில் கழிகிறது. ஆறு மாத சீசனில் 21 வாரம் வேலை நடந்தால் 21,000 ரூபாய் கழிந்து, பாக்கி 19,000. மழையால் வேலை இல்லாத மூன்று வாரமும் சாப்பிட்டாக வேண்டுமே, அந்த 4,500 ரூபாயும் கடனில் சேரும். குழந்தைக்குக் காய்ச்சல் பார்த்த செலவு 3,000. குலதெய்வத் திருவிழாவுக்கு வாங்கியது 3,500. சீசன் முடிவில் பாக்கி 30,000. ஊருக்குத் திரும்பி அடுத்த மழைக்காலத்தைத் தாண்ட இன்னொரு 10,000 வாங்கினால், கடன் மறுபடியும் அதே 40,000.

ஆறு மாதம் இரண்டு பேர் உழைத்த உழைப்பு எங்கே போனது? பேசிய 700 ரூபாயையே நோட்டில் எழுதியிருந்தால் அந்த 21 வாரத்தில் இன்னும் 21,000 ரூபாய் கழிந்திருக்கும். பாக்கி வெறும் 9,000 தான். இதில் வட்டியே சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கூலியைக் குறைத்து எழுதினாலே போதும், கடன் தானாக உயிரோடு இருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: முன்பணம் உள்ளே இழுக்கிறது. குறைந்த கூலியும் ஒருவர் கையில் மட்டுமே இருக்கும் கணக்கு நோட்டும் வெளியே விடாமல் பிடித்துக்கொள்கின்றன.

சட்டம் எதைக் கொத்தடிமை என்கிறது?

இந்திய அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. அதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான் தனிச் சட்டம் வந்தது: 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம். 1975 அக்டோபர் 25 முதலே அது செல்லும். பிப்ரவரி 9 அன்று தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுப்பது இந்தச் சட்டம் நிறைவேறிய நாளை ஒட்டித்தான்.

அடித்தார்களா, அறையில் அடைத்தார்களா என்பதை வைத்து அந்தச் சட்டம் கொத்தடிமையை அடையாளம் காண்பதில்லை. கடன், பரம்பரைக் கடமை, பிறந்த சாதி போன்ற ஏதோ ஒரு கட்டு இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறது. அந்தக் கட்டின் பேரில் நான்கில் ஏதாவது ஒன்று பறிபோயிருந்தால் போதும். நியாயமான கூலி ஒன்று. வேறு வேலைக்குப் போகும் உரிமை இரண்டாவது. நாட்டில் எங்கும் போய்வரும் உரிமை மூன்றாவது. தன் உழைப்பில் விளைந்ததைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை நான்காவது. நான்கும் போயிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

நம் அலுவலக நண்பர் இந்த இடத்தில்தான் தனியாகப் பிரிகிறார். அவர் நொந்துபோயிருக்கலாம், அவருக்கு நடப்பது அநியாயமாகவும் இருக்கலாம். ஆனால் நாளைக்கே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வேறு வேலை தேடினால், அவருடைய தம்பியைத் தூக்கிக்கொண்டு போக யாரும் ஊருக்கு வரப்போவதில்லை.

"அவராகத்தானே சம்மதித்துப் போனார்?" என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1982-லேயே பதில் சொல்லிவிட்டது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானங்களில் வேலை செய்தவர்கள் பற்றிய வழக்கு அது. கையை முறுக்குவது மட்டும் கட்டாயம் ஆகாது, பசியும் வறுமையும் ஒருவரை வேறு வழியில்லாமல் ஒரு வேலைக்குள் தள்ளினால் அதுவும் கட்டாயம்தான். குறைந்தபட்ச கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்தால் அது கட்டாய உழைப்பு என்றது தீர்ப்பு. அடுத்து வந்த ஹரியானா கல்குவாரித் தொழிலாளர்கள் வழக்கில் நீதிபதி பகவதி அமர்வு இன்னொரு படி மேலே போனது. கட்டாய உழைப்பு நடந்தது தெரிந்தால், அதன் பின்னால் முன்பணம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்றால் அதை முதலாளி காட்டட்டும் என்றது. 1976 சட்டமும் நிரூபிக்கும் பொறுப்பை, அதாவது "இது கொத்தடிமைக் கடன் இல்லை" என்று காட்டும் வேலையை, பணம் கொடுத்தவர் தலையில்தான் வைத்திருக்கிறது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கணக்கு நோட்டை நினைத்தால் புரியும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் போய், நீ ஏமாற்றப்பட்டதை எழுத்தில் காட்டு என்று கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

கதவு திறந்திருக்கிறது, ஏன் போகவில்லை?

பல சூளைகளுக்குச் சுற்றுச்சுவர்கூடக் கிடையாது. ஆனால் வெளியே போவதென்றால் குடும்பத்தில் ஒருவர் இங்கேயே இருக்க வேண்டும் என்பார்கள். கணவன் துக்கத்துக்குப் போனால் மனைவியும் பிள்ளைகளும் இருக்க வேண்டும். ஆதார் அட்டையையும் ரேஷன் அட்டையையும் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. வாரச் செலவுக்குக் கொடுக்கும் காசில் குடும்பத்தோடு பஸ் ஏற மிஞ்சாது. ஒடிசாவிலிருந்து திருவள்ளூர் சூளைகளுக்கு வருபவர்களுக்கு வழி கேட்கவும் மொழி தெரியாது.

எல்லாவற்றையும் மீறி ஒரு ராத்திரி ஓடிவிட்டார்கள் என்றே வையுங்கள். மேஸ்திரிக்கு அவர்கள் வீடு தெரியும். மறுநாள் அண்ணன் வீட்டு வாசலில் வண்டி நிற்கும். திருட்டுப் புகார் கொடுப்போம் என்று மிரட்டல் வரும். ஓடி வந்தவர்கள் மனதிலும், "நாம பணம் வாங்கியிருக்கோமே" என்ற குற்ற உணர்வு அரித்துக்கொண்டிருக்கும். பட்ட கடனைத் தீர்க்காமல் சாகக் கூடாது என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஏழையின் நாணயத்தையே அவருக்குக் கயிறாகத் திரிப்பதுதான் இந்த முறையிலேயே எனக்குத் தாங்க முடியாதது.

மீட்கப்படுபவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் அரிசி ஆலைகளிலும் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் திரும்பத் திரும்பச் சிக்குபவர்கள் இருளர்கள். சொந்த நிலம் இல்லை, பலருக்குச் சாதிச் சான்றிதழ்கூட இல்லை. வங்கி கடன் கொடுக்காத இடத்தில் மேஸ்திரி ஒருவர்தான் பணத்தோடு வந்து நிற்கிறார்.

சுருக்கமாக: கட்டிப்போடுவது சுவர் இல்லை. பிணையாக நிற்கும் குடும்பம், பிடுங்கி வைத்த அட்டைகள், ஊர் வரைக்கும் வரக்கூடிய மேஸ்திரி, "கடன்காரன்" என்ற பெயர் எல்லாம் சேர்ந்துதான்.

பாட்டன் எழுதிய ஓலை

இது புதிதாக முளைத்ததும் இல்லை. சுந்தரர் கதையை நினைத்துப் பாருங்கள். கல்யாணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து, "உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை" என்கிறார். சுந்தரர் ஓலையைக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது, மூல ஓலையைப் பார்த்துச் சபை முதியவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. வந்தவர் இறைவன் என்பதால் நமக்கு அது பக்திக் கதை. ஆனால் பாட்டன் கையெழுத்து பேரனைக் கட்டும் என்பதைச் சபையில் யாரும் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1976 சட்டம் பரம்பரையாக வரும் கட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்திருப்பதற்குப் பின்னால் இவ்வளவு நீண்ட பழக்கம் இருக்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1843-ல் வந்த சட்டம், ஒருவரை அடிமை என்று உரிமை கொண்டாடுவதை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. ஆளை விற்பதும் வாங்குவதும் பின்னால் குற்றமானது. ஆனால் கடன் மிச்சமிருந்தது. பண்ணையாள், படியாள் என்ற பெயர்களில் அதே மனிதர்கள் அதே வயலில் நின்றார்கள். கடல் தாண்டி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களையும் கடன் விடவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். தொழிலாளியின் பெயரில் எவ்வளவு கடன் நிற்கிறது என்று எழுதிய சீட்டு அது. புதுத் தோட்டம் அந்தக் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ளும். ஆள் இடம் மாறுவார், கடன் கூடவே வரும். 1921-ல்தான் அந்த முறை ஒழிந்தது.

விடுதலை என்பது ஒரு காகிதம்

சூளை வாசலைத் தாண்டிவிட்டால் விடுதலை என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்குப் பிறகு வரும் ஒரு தாளில்தான் விஷயம் இருக்கிறது. அதன் பெயர் விடுதலைச் சான்றிதழ்: இவர் கொத்தடிமையாக இருந்தார், இப்போது விடுவிக்கப்பட்டார், இவர் அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று அதிகாரி கையெழுத்திட்டுத் தரும் ஆவணம்.

தமிழ்நாட்டில் இதைத் தருபவர் பெரும்பாலும் வருவாய்க் கோட்டாட்சியர், பேச்சில் ஆர்.டி.ஓ. புகார் வந்தால் வருவாய்த் துறையும் தொழிலாளர் துறையும் போலீஸும் சேர்ந்து இடத்துக்குப் போவார்கள். தொழிலாளர்களை முதலாளியின் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு அழைத்துச் சென்று, ஒவ்வொருவரையும் தனியாக விசாரிக்க வேண்டும். எவ்வளவு முன்பணம் வாங்கினீர்கள்? கூலி என்ன? கடைசியாக எப்போது ஊருக்குப் போனீர்கள்? வேறு வேலைக்குப் போகிறேன் என்று கேட்டீர்களா, என்ன சொன்னார்கள்? இப்படிக் கேள்விகள். முதலாளியின் ஆள் பக்கத்தில் நின்றால், "எல்லாம் நல்லாத்தான் வச்சிருக்காங்க சார்" என்ற பதில்தான் வரும். விசாரணை நடக்கும் இடமே பாதி முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

அப்புறம், அந்தக் கடன். "வாங்கினதைக் கட்ட வேண்டாமா?" என்ற கேள்விக்கு இங்கேதான் பதில். கொத்தடிமைக் கடன் எல்லாம் சட்டப்படி ஏற்கெனவே செத்துப்போனவை. சான்றிதழ் அந்தச் சாவுக்குச் சாட்சி. அதைத் திரும்பக் கேட்டு வாங்கினால், வாங்குகிற முதலாளிக்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கொடுத்த பணத்துக்கு மேலே பல மடங்கு உழைப்பை அவர் ஏற்கெனவே எடுத்தாயிற்று என்பதுதான் இதன் நியாயம். கொத்தடிமையாக வைத்திருந்ததற்கும் 3 ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அபராதத் தொகை 1976-ல் வைத்தது, இன்று அது யாரையும் பயமுறுத்தாது. அதனால்தான் ஆள் கடத்தல் பிரிவையும், பாதிக்கப்பட்டவர்கள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் வழக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

சான்றிதழ் கொடுக்காமல், "பாவம், வண்டி ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டோம்" என்று முடித்தால் அது விடுதலை ஆகாது. இரண்டு தரப்பையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசி அனுப்புவதும் ஆகாது. அவர்கள் இன்னும் கடன்காரர்களாகத்தான் ஊர் போய்ச் சேருகிறார்கள்.

ஊர் திரும்பிய பிறகு

மறுவாழ்வுக்கு மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. உடனடிச் செலவுக்கு 30,000 ரூபாய் வரை தரலாம். பிறகு ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமையான நிலையிலிருந்து வந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய். பெரிய தொகையை வழக்கின் முடிவோடு கட்டி வைத்திருப்பதால், வழக்கு இழுத்தால் பணமும் இழுக்கும். அதனால் முதல் சில மாதங்கள்தான் ஆபத்தான காலம். கையில் சான்றிதழ் இருக்கும், வீட்டில் அரிசி இருக்காது. மேஸ்திரியோ வேறொரு சூளையின் முன்பணத்தோடு தெருமுனையில் நிற்பார்.

ஆகவே பணத்தோடு மற்றவையும் வர வேண்டும். வீட்டு மனைப் பட்டா, ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், நூறு நாள் வேலை அட்டை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். இவற்றைக் கவனிக்கத்தான் மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதிகாரிகளும் பட்டியல் சாதி, பழங்குடிப் பிரதிநிதிகளும் சமூக சேவகர்களும் சேர்ந்து உட்காரும் குழு அது. அந்தக் குழு ஒழுங்காகக் கூடும் மாவட்டத்தில் மீட்கப்பட்டவர்கள் மீட்கப்பட்டவர்களாகவே இருப்பார்கள்.

கண்ணில் பட்டால்

வாத்து மேய்க்கும் சிறுவன், வருஷக் கணக்கில் ஆட்டுக் கிடையிலேயே கிடக்கும் பிள்ளை, வட மாநிலத்து முறுக்குக் கம்பெனிக்கு அனுப்பப்பட்ட பையன், மூன்று வருஷம் முடிந்தால்தான் மொத்தமாகப் பணம் என்று நூற்பாலை விடுதியில் இருத்தி வைக்கப்பட்ட பெண். கொத்தடிமை முறை இப்படிப் பல உருவத்தில் வரும். கடைசியாகச் சொன்னதில் முன்பணமே இருக்காது. நிறுத்தி வைத்த கூலியே பிணையாகிவிடும்.

சந்தேகம் வந்தால் மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ யார் வேண்டுமானாலும் எழுதலாம். குழந்தை என்றால் 1098-க்குப் போன் செய்யலாம். முன்பணம் எவ்வளவு, நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த இடம் எங்கே இருக்கிறது, எந்த வழியாகப் போக வேண்டும், ஏறக்குறைய எத்தனை குடும்பம் என்று சொன்னால் போதும். மீதியை விசாரிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.